ஓரத்தில் தொடங்கி நடுவில் முடியும் அஞ்சலட்டை

கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வையைத் தைக்கும் பெண்கள் நடுவில் தொடங்குவதில்லை. பழைய சேலை ஒன்றைத் தரையில் விரிக்கிறார்கள். ஒரு மூலையில் முதல் துண்டுத் துணியை வைத்து, அதன் ஓரத்தை உள்ளே மடித்து, ஓட்டுத் தையல் போட்டபடியே விளிம்போடு நகர்கிறார்கள். நான்கு பக்கமும் சுற்றி வந்ததும் அதற்கு உள்ளே அடுத்த சுற்று, அப்புறம் அதற்கும் உள்ளே இன்னொன்று. கடைசித் துண்டு நடுவில் உட்காரும்போது போர்வை முடிந்திருக்கும். முன்கூட்டியே போட்டு வைத்த வரைபடம் எதுவும் கிடையாது. எந்தத் துணி கைக்கு வருகிறதோ, பக்கத்துத் துணியோடு எது சேர்கிறதோ, அதுதான் திட்டம்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியால், முண்டகோடு பக்கத்துக் காட்டோர ஊர்களில் வாழும் சித்தி மக்களின் போர்வை இது. போர்த்துக்கீசியர் காலத்தில் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இவர்களில் பலர். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் மூவருமே இச்சமூகத்தில் உண்டு. அதனால் சில போர்வைகளில் சிலுவையும் சிலவற்றில் பிறையும் ஒட்டுத்துணியாக வந்து உட்கார்ந்திருக்கும். 2003-ல் இவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

பயணத்தில் வாட்டர்கலர் அட்டை வரைவது எனக்குப் பழைய பழக்கம். குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வை மாதிரியில் வரைய நிறைய வழிகாட்டிகள் இருக்கின்றன, ஆனால் எல்லாமே அமெரிக்கக் கட்டங்கள்: ஒன்பது சதுரம், பறக்கும் வாத்து, லாக் கேபின். ஸ்கேல், பென்சில், அளந்த கோடுகள் என்று ரயிலில் உட்கார்ந்து செய்ய முடியாத காரியம். அதிலும் லாக் கேபின் நடுவில் ஒரு சதுரத்தில் தொடங்கி, சுற்றிலும் பட்டைகளைச் சேர்த்து வெளியே வளர்வது. ஊசி நூலுக்கு அது சரி. வண்ணத்துக்கு, ஈரமான நடுப்பகுதியின் மேலேயே கை தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு குலுக்கல் போதும்.

கவந்தியின் வரிசை இதற்கு நேர்மாறு. ஓரத்தில் வேலை செய்யும்போது கை அட்டைக்கு வெளியே, பலகையின் மேல் இருக்கும். ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது முதல் மூலை காய்ந்திருக்கும். இரண்டாம் சுற்றுக்குக் கையை அதன் மேலேயே வைத்துக்கொள்ளலாம். பென்சில் வேண்டாம், அளவு வேண்டாம். வண்ணம் காயும் வேகமும் கை நகரும் வேகமும் தானாகவே ஒத்துப்போகின்றன. எல்லாப்பூர்ப் பயணம் முடிவானதும் இதைத்தான் செய்து பார்ப்பது என்று கிளம்பினேன். பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு ரயில், அங்கிருந்து மேற்கே பஸ்.

முதலில் அட்டை. தபால்துறையின் 50 பைசா அஞ்சலட்டை மேல் எனக்குப் பாசம் உண்டு. 1879 ஜூலையில் கால் அணாவுக்கு வந்ததன் வாரிசு அது. ஆனால் அதன் தாள் வாட்டர்கலருக்கு ஆகாது; உறிஞ்சிக்கொண்டு சுருண்டுவிடும். அதன் அளவை மட்டும் எடுத்துக்கொண்டேன்: 14 × 9 செ.மீ. தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), கோல்டு பிரஸ் என்று கடையில் கேட்டால் கொடுக்கும் சொரசொரப்பான ரகம். ஏ4 தாளில் இந்த அளவுக்கு நான்கு அட்டைதான் வரும். ஏ3 வாங்கினால் ஒன்பது. இரண்டு ஏ4-க்கு எட்டுத்தானே, அதனால் ஏ3-யே லாபம். வெட்டும்போது நீளவாக்கில் மூன்று, அகலவாக்கில் மூன்று. ஒரு பக்கம் மெல்லிய பட்டை மிஞ்சும், அதை எறியாதீர்கள். வண்ணம் கலந்து பார்க்க அதே தாளின் துண்டு போல வேறெதுவும் உதவாது.

பலகை, பள்ளிக்கூடப் பரீட்சை அட்டையை அறுத்தது, அஞ்சலட்டையை விட எல்லாப் பக்கமும் இரண்டு விரற்கடை பெரியது. வழக்கமாக அட்டையின் நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டுவார்கள். இங்கே ஓரம் முழுக்க வேலை இருப்பதால் டேப்பை வளையமாகச் சுருட்டி அட்டையின் முதுகில் ஒட்டினேன். சின்னச் சின்னக் கட்டங்களாக நனைப்பதால் 300 ஜிஎஸ்எம் தாள் பெரிதாக வளைவதில்லை.

வண்ணப்பெட்டி ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸ். உள்ளே அரை பான்களை, அதாவது சின்ன வண்ணக் கட்டிகளை, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருக்கிறேன். மூடியின் உட்புறம் கலக்கும் தட்டு. லெமன் எல்லோ, கிரிம்சன், மெஜந்தா, அல்ட்ராமரின், தாலோ புளூ, பர்ன்ட் சியன்னா. இதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் உடம்பிலேயே அடங்கிய வாட்டர் பிரஷ் ஒன்று, கால் அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, மை தீர்ந்த பால் பாயின்ட் பேனா ஒன்று, வெள்ளை ஜெல் பேனா ஒன்று, பழைய பருத்தித் துணி. தட்டை பிரஷ்ஷை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரே இழுப்பில் ஒரு ஒட்டுத்துணி ஆகிவிடுவது அதனால்தான்.

மை தீர்ந்த பேனா எதற்கு என்றால், தையலுக்கு. கவந்தியில் கண்ணைப் பிடிப்பது ஒட்டுத்துணியின் நிறம் மட்டுமல்ல. கெட்டியான நூலில், விளிம்புக்கு இணையாக, நெருக்கமாக வரிசை வரிசையாக ஓடும் தையலும்தான். எந்தத் துண்டு எங்கே முடிகிறது என்று அது பார்ப்பதில்லை. சிவப்பு, மஞ்சள், பூப்போட்டது எல்லாவற்றின் மேலும் ஒரே நடையாகப் போய்க்கொண்டே இருக்கும். தையலைக் காட்டாத கவந்தி படம் வெறும் கட்டம் போட்ட படமாகத்தான் தெரியும்.

இதற்கு மூன்று வழிகளைச் சோதித்தேன். மாஸ்கிங் திரவம் பூசி, மேலே வண்ணமடித்து, பிறகு உரித்தெடுப்பது ஒன்று. வீட்டு மேசையில் அழகாக வரும். பயணத்துக்கு லாயக்கில்லை: பாட்டிலைத் திறந்ததும் அமோனியா வாடை எதிர் சீட்டு வரை போகும், ஜன்னல் வெயிலில் கிடந்தால் தாளோடு ஒட்டிக்கொண்டு உரியும்போது தாளையும் பிய்க்கும். இரண்டாவது, காய்ந்த வண்ணத்தின் மேல் வெள்ளை ஜெல் பேனா. இருண்ட கட்டங்களில் பளிச்சென்று நிற்கும். மூன்றாவதுதான் இந்த அட்டைகளின் உயிர். வண்ணம் தொடும் முன்பே, மை தீர்ந்த பேனாவால் தாளில் சின்னச் சின்னக் கோடுகளாக அழுத்திவிடுவது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் கோடு, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. தாள் கிழியாத அளவு அழுத்தம். அதன் மேல் வண்ணம் போகும்போது பள்ளத்தில் நிறமி தேங்கி, கோடு சுற்றுப்புறத்தை விட அடர்த்தியாகத் தெரியும். நிஜப் போர்வையில் வெளிர் துணி மேல் வெள்ளை நூலைப் பார்த்தால் நம் கண்ணுக்குத் தெரிவது நூல் இல்லை, அது அமுங்கிய இடத்து நிழல். அழுத்திய கோடு அந்த நிழலையே கொடுத்துவிடுகிறது.

ஆகவே வேலையின் வரிசை இப்படி: முதலில் அட்டை முழுக்கத் தையல் கோடுகளை அழுத்திக்கொள்வது, ஓரத்திலிருந்து சுருண்டு உள்ளே போகும் பாதையாக. பிறகு வண்ணம். கடைசியில் அடர்நிறக் கட்டங்களில் மட்டும் ஜெல் பேனா. அழுத்தும் வேலைக்கு ரயில் நிற்க வேண்டும். துமகூரு, அரசிக்கெரெ, பீரூர் என்று நிறுத்தங்களில் ஒவ்வொரு பக்கமாக முடிந்தது. வண்ணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வண்டி ஓடும்போது பிரஷ் லேசாகத் துள்ளினால் கட்டத்தின் ஓரம் நெளியும். கையால் மடித்த துணி எங்கே நேராக இருக்கிறது? சைடு லோயர் சீட்டில் பலகையை முழங்காலில் வைத்து, ஒரு பக்கம் முடிந்ததும் பலகையைத் திருப்பி அடுத்த பக்கம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவில் ஒரு முடியளவு வெள்ளைத் தாள் விட வேண்டும். ஈரமும் ஈரமும் தொட்டுக்கொண்டால் சிவப்பு பச்சைக்குள் ஓடி இரண்டுமே சேற்று நிறம். அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும், தண்ணீர் தாண்டாது. அந்த வெள்ளைக் கோடு பின்னால் மடிப்பு ஓரம் போலவும் தோன்றும். வேண்டுமென்றே தொடவிட்டால் சாயம் ஒழுகிய பழைய சேலை கிடைக்கும். அட்டைக்கு ஓரிடத்தில் அப்படி விட்டால் நன்றாகவே இருக்கிறது.

இந்த அளவு அட்டைக்கு ஒன்றரை செ.மீ. நீளம், ஒரு செ.மீ. அகலக் கட்டங்கள் பொருந்துகின்றன. மூன்று நான்கு சுற்றில் உள்ளே போய்விடலாம், நடுவில் ஒரு பட்டை மிஞ்சும். அந்தப் பட்டை என்ன நிறம் என்று கடைசி வரை யோசிக்கக்கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட விதி. சுற்றி வந்தவை எல்லாம் சேர்ந்து தானே ஒன்றைக் கேட்கும்.

இனி நிறங்கள். எனக்கு இதில்தான் அதிக நேரம் போனது, போனதில் வருத்தமும் இல்லை. வாட்டர்கலர் பெட்டியின் பெயர்களில் யோசித்தால் படம் ஐரோப்பிய நிலக்காட்சி மாதிரி அடங்கிப்போகும். ஜவுளிக்கடைப் பெயர்களில் யோசிக்க வேண்டும். கிளிப்பச்சைக்கு லெமன் எல்லோவில் தாலோ புளூ ஒரு பொட்டு, உண்மையிலேயே பொட்டு. தாலோ பேராசைக்காரன், கொஞ்சம் கூடினால் மஞ்சளை விழுங்கிவிடும். மாம்பழ மஞ்சளுக்கு எல்லோவில் கிரிம்சன் நுனி. அரக்குக்கு கிரிம்சனும் பர்ன்ட் சியன்னாவும். வெங்காயச் சருகுக்கு மெஜந்தாவையும் சியன்னாவையும் நிறையத் தண்ணீரில். மயில்கழுத்து கொஞ்சம் வேலை வாங்கும். சேலையில் அந்த நிறம் வருவதே பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்வதால்தானே. அதேபோல் தாலோ புளூவில் கட்டத்தை முடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மேலே மெல்லிய மெஜந்தாவை ஒரு முறை மட்டும் ஓட்டினால் நீலமும் ஊதாவும் மாறி மாறித் தெரிகிறது. இரண்டையும் தட்டில் கலந்து பூசினால் அந்த மாற்றம் வராது.

ராணி பிங்க் தனிக் கதை. கவந்தியில் அது இல்லாமல் பார்ப்பது அரிது. கிரிம்சனில் எவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும் ரோஜா நிறம்தான் வருகிறது, ராணி வருவதில்லை. ஓபெரா பிங்க் என்று கடையில் கிடைப்பது கண்ணைப் பறிக்கும், ஆனால் அதில் ஒளிரும் சாயம் கலந்திருக்கும், வெளிச்சத்தில் வெளுத்துவிடும். சுவரில் மாட்டப்போகும் அட்டைக்கு அது வேண்டாம். க்வினாக்ரிடோன் மெஜந்தாவை எதுவும் கலக்காமல் கெட்டியாகப் போட்டால் வேலை முடிந்தது.

இன்னொன்று: எல்லாக் கட்டமும் புத்தம்புதிதாக ஜொலித்தால் கவந்தி ஆகாது. உடுத்திக் கிழிந்த துணி அல்லவா. மூன்றில் ஒன்றையாவது நரைக்க வைக்க வேண்டும். காய்ந்த கட்டத்தை ஈர பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றியெடுத்தால் துவைத்த சாயல் வந்துவிடும். அல்ட்ராமரின் எளிதாகப் பெயரும். தாலோ தாளில் கறையாகப் பிடித்துக்கொள்ளும், அதை நரைக்க வைக்க முதலிலேயே தண்ணீராகப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. சில கட்டங்களில் புள்ளி, சிலவற்றில் லுங்கிக் கட்டம், ஒன்றிரண்டில் கொடிப்பூ. பூவை வரையாதீர்கள், பிரஷ் நுனியால் மூன்று தொடுகை போதும்.

ஹூப்ளியில் இறங்கி, 1507 மீட்டர் நீளமுள்ள, உலகிலேயே நீளமான பிளாட்பாரத்தில் நடந்த நடையே பாதி உடற்பயிற்சி. அதுவரை தக்காணத்து வறண்ட காற்றில் எல்லாம் சொன்னபடி காய்ந்தது. பஸ் கலகட்டகி தாண்டி மரங்களுக்குள் நுழைந்ததும் கணக்கு மாறியது. எல்லாப்பூரில் காற்றே ஈரம். ஒரு சுற்று வந்து பார்த்தால் முதல் மூலை இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே இரண்டு அட்டைகளை அருகருகே வைத்து மாற்றி மாற்றிச் சுற்றுவதுதான் சரியாக வந்தது. காய்ந்ததா என்று கண்ணால் தீர்மானிக்க வேண்டாம். புறங்கையை மெல்ல வையுங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் ஜெல் பேனா ஓட்டினால் முனைக் குண்டில் வண்ணம் அடைத்துக்கொண்டு பேனாவே போய்விடும்.

ஊருக்கு வெளியே ஒரு வீட்டுத் திண்ணையில் கவந்தி தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்து, முடித்த அட்டை ஒன்றைக் காட்டினேன். அவர் அதை நேராகப் பிடித்துப் பார்க்கவில்லை. மடியில் வைத்து, போர்வையைத் திருப்புவது போலவே ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். சுற்று சரியாக உள்ளே போகிறதா என்று விரலால் தடவினார். அப்புறம் கேட்டார்: “மூலையில் பூ எங்கேம்மா?”

முடிந்த கவந்தியின் நான்கு மூலையிலும் சின்னச் சதுரத் துணிகளை முக்கோணமாக மடித்து, அடுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தைப்பார்கள். ‘பூலா’ என்று பெயர், பூ. போர்வையைப் போர்த்த அதனால் எந்தப் பயனும் இல்லை. “அது இல்லாவிட்டால் கவந்தி அம்மணமாக நிற்கும்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்த மடித்த அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்து மூலையைக் காட்டினார்: பச்சை மேல் சிவப்பு, சிவப்பு மேல் மஞ்சள்.

படம் அட்டையின் விளிம்பு வரை போனால் பூவுக்கு இடமில்லை. அதன்பின் சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் வெற்றுத் தாள் விட்டு, அதற்கு உள்ளே முதல் சுற்றைத் தொடங்கினேன். பூ அந்த வெற்றிடத்துக்குள் மூலைவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். வரையும் முறை எளிது. பெரிய முக்கோணம் முதலில், காய்ந்ததும் அதன் மேல் சிறியது, அதன் மேல் இன்னும் சிறியது. வாட்டர்கலர் கண்ணாடி போன்றது, மேல் நிறம் கீழ் நிறத்தை மறைக்காது. எனவே மஞ்சள் அடியில், சிவப்பு நடுவில், அடர்பச்சையோ நீலமோ உச்சியில் என்று வெளிரிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். அக்கா காட்டிய வரிசைக்கு இது தலைகீழ். வேறு வழியில்லை. வெள்ளை ஓரம் வந்ததில் இன்னொரு வசதி: தபாலில் முனை மழுங்கினாலும் படத்துக்குச் சேதமில்லை.

இந்தப் போர்வைகள் விற்பனைக்கும் போகின்றன. 2000-களில் ஹென்றி ட்ரூவல் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றாளரின் துணையோடு சித்திப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். நான் வரைந்த அட்டைகளை அச்சடித்து விற்கும் உத்தேசம் எனக்கில்லை, யாரும் செய்யவும் வேண்டாம் என்பது என் கருத்து. பார்த்து, கற்று, நண்பர்களுக்கு அனுப்பலாம். காசு கொடுப்பதென்றால் போர்வைக்குக் கொடுக்கலாம். ஒட்டுத்துணியும் தபாலும் சேர்வது புதிதுமல்ல. அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்த குவில்ட்களைப் பத்து டிசைன்களில் அமெரிக்கத் தபால்துறை 2006-ல் ஸ்டாம்பாகவே வெளியிட்டது. அவர்களும் அளவெடுக்காமல், வேலை ஆடைகளின் பழந்துணியில் தைத்தவர்கள்.

தபாலுக்கு வருவோம். 14 × 9 செ.மீ. அட்டை 300 ஜிஎஸ்எம்மில் நான்கு கிராம்கூட வராது. 20 கிராம் வரையிலான கடிதத்துக்கு 5 ரூபாய் ஸ்டாம்ப், அதையே ஒட்டினேன். பின்பக்கம் வலது பாதி முகவரிக்கு, இடது பாதி செய்திக்கு. தண்ணீர் பட்டால் கரையும் மை வேண்டாம், சாதாரண பால் பாயின்ட் போதும். எழுதும்போது அழுத்தினால் படப் பக்கம் புடைக்கும், எனவே வரையும் முன்பே முகவரியை எழுதிவிடுவது நல்லது. பெட்டியில் போடாமல் கவுன்டரில் கொடுத்து, கையால் முத்திரை குத்தித் தரக் கேட்டேன். ஊர்ப் பெயர் தெளிவாக விழுந்தது.

மழைக்காலத் தபாலில் வாட்டர்கலர் நனைந்தால் மறுபடி கரையும். ஸ்ப்ரே வார்னிஷ் தீப்பற்றும் பொருள், ரயிலில் கொண்டுபோகக்கூடாது. தேன்மெழுகை விரலில் சூடுபடத் தேய்த்து, படத்தின் மேல் மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் மெருகேற்றினேன். தூறல் அளவு ஈரம் முத்துமுத்தாக நின்று வழிந்துவிடும். முழுக்க நனைந்தால் அதுவும் காப்பாற்றாது. அப்படிப் பயமிருந்தால் கவரில் போட்டுவிடலாம்.

போய்ச் சேர்ந்த அட்டைகளை நண்பர்கள் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஜெல் பேனாத் தையல் மேடான இடங்களில் தேய்ந்து அங்கங்கே அறுந்திருந்தது. மெழுகு பூசும்போது கொஞ்சம், தபால் பையில் மீதி. பேனாவால் அழுத்திய தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பயணத்தில் ஜெல் பேனாவைப் பூக்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளப்போகிறேன். லெமன் எல்லோ மேல் அழுத்திய கோடு சரியாகத் தெரிவதில்லை, அங்கே பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீராக்கி மெல்லிய கோடு போட வேண்டும். மெஜந்தா இன்னொரு பான் கூடுதலாக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முதலில் தீர்ந்தது.